பார்வையாளருக்காக எழுந்த சதுக்கம்

இத்தாலியின் வடகிழக்கில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய காயலின் நடுவே நிற்கும் வெனிஸ் நகரில் மக்கள் கூடும் திறந்தவெளிகள் பல இருப்பினும், 'பியாத்சா' என்னும் பெயர் புனித மாற்கு பேராலயத்தின் முன்னுள்ள சான் மார்கோ சதுக்கத்துக்கு மட்டுமே வழங்குகிறது. ஏறத்தாழ 175 மீட்டர் நீளமும், பேராலயத்தை நோக்கிச் செல்லச் செல்ல விரியும் அகலமும் கொண்ட இப்பெருவெளியும், அதன் தென்கிழக்கு மூலையிலிருந்து நீர்க்கரைவரை நீளும் 'பியாத்செத்தா' என்னும் சிறுவெளியும் சேர்ந்தே சான் மார்கோ எனப்படுகின்றன. உள்ளூர் மக்களின் வாழ்விடமாக இருந்த ஒரு சதுக்கத்தைப் பிற்காலத்தில் சுற்றுலா வந்து விழுங்கிவிட்டது என்று இன்று பலரும் எழுதுகின்றனர். அக்கூற்றின் பின்பாதியில் உண்மை உண்டு. முன்பாதி வரலாற்றோடு பொருந்தவில்லை. வெளியூரிலிருந்து வருவோரைத் தங்க வைக்கவும், அவர்களுக்குத் தன் செல்வத்தையும் ஒழுங்கையும் காட்டவும், அவர்களிடம் பொருள் விற்கவும் வெனிஸ் குடியரசு தொடக்கம் முதலே இவ்வெளியைத் திட்டமிட்டு வளர்த்தது. ஆயிரம் ஆண்டுகளில் மாறியது வருகையாளர் இருப்பது அன்று. அவர்களுக்கு அருகில் நின்ற உள்ளூரார் மெல்ல மெல்ல விலகிப்போனதே உண்மையான மாற்றம்.

828ஆம் ஆண்டில் வெனிஸ் வணிகர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடல் எனக் கருதப்பட்டதைக் கவர்ந்து கொண்டுவந்தனர் என்பது மரபு. அதை வைப்பதற்கு, 'டோஜ்' எனப்பட்ட ஆட்சித் தலைவரின் அரண்மனையை ஒட்டி முதல் ஆலயம் எழுந்தது. இன்று காணப்படும் பேராலயம் 1063ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டு, 1094இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அப்போது அதன் முன்னே இருந்தது இன்றைய பெருஞ்சதுக்கம் அன்று. புனித சக்கரியா மடத்துக் கன்னியருக்கு உரிய பழத்தோட்டமும், அதன் குறுக்கே பத்தாரியோ என்னும் ஒரு கால்வாயும், கால்வாயின் கரையில் புனித ஜெமினியானோ ஆலயமும் இருந்தன. 1172 முதல் 1178 வரை டோஜாக இருந்த செபஸ்தியானோ ஸியானியின் காலத்தில் கால்வாய் தூர்க்கப்பட்டு, ஆலயம் இடித்து மேற்கே தள்ளிக் கட்டப்பட்டு, தோட்டம் பொதுவெளியாக்கப்பட்டது. கிழக்கிலிருந்து கப்பலில் வந்த இரண்டு பெரிய கருங்கல் தூண்கள் ஏறத்தாழ அக்காலத்திலேயே நீர்க்கரையில் நிறுத்தப்பட்டன. கடல்வழியே வரும் எவரும் முதலில் காணும் நகர வாயிலாக அவை அமைந்தன. ஒன்றின் உச்சியில் மாற்குவின் சின்னமான சிறகுள்ள சிங்கமும், மற்றதன் உச்சியில் நகரின் பழைய காவலரான புனித தெயோதோரும் இன்றும் நிற்கின்றனர். மரண தண்டனைகள் இவ்விரு தூண்களுக்கும் இடையே நிறைவேற்றப்பட்டதற்கும் காரணம் இதுவே: குடியரசின் நீதியை, இறங்கித் தரைசேரும் அயலாரும் பார்க்க வேண்டும்.

இவ்வாறு விரிவாக்கப்பட்ட வெளிக்கு விரைவிலேயே பெரியதோர் அரங்கேற்றம் வாய்த்தது. நெடுங்காலம் போரிட்டுவந்த திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தரும் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவும் 1177 சூலை 24 அன்று பேராலயத்தின் வாயிலில் சமாதானம் செய்துகொண்டனர். பேரரசர் திருத்தந்தையின் காலில் விழுந்து வணங்கினார். ஐரோப்பாவின் ஆயர்களும் பிரபுக்களும் தத்தம் பரிவாரங்களோடு அந்நகரில் குழுமியிருந்தனர். கண்ட காட்சியை அவர்கள் நாடு திரும்பிச் சொல்வார்கள் என்பதை அறிந்திருந்த வெனிஸ், அந்நிகழ்ச்சியின் நினைவைப் பின்வந்த நூற்றாண்டுகளில் ஓவியங்களிலும் சடங்குகளிலும் விடாமல் போற்றி வந்தது.

அரசர்கள் அரிதாகவே வந்தனர். ஆண்டுதோறும் தவறாமல் வந்தவர்கள் திருப்பயணிகள். எருசலேமுக்குச் செல்லும் மேலை ஐரோப்பியக் கிறித்தவர்கள் வெனிசில் கப்பலேறி யாப்பா துறைமுகத்தில் இறங்குவது வழக்கமாகிவிட்டமையால், சான் மார்கோ சதுக்கம் அவர்களுடைய பயண ஏற்பாடுகள் அனைத்தும் நடக்கும் களமாயிற்று. 10ஆம் நூற்றாண்டில் டோஜ் பியெத்ரோ ஒர்சேயோலோ நிறுவியதாகக் கூறப்படும் திருப்பயணியர் சத்திரம், மணிக்கோபுரத்தின் அருகே சதுக்கத்தின் தென்பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டுவரை நின்றது. குடியரசு இப்போக்குவரத்தைத் தனியாரின் மனம்போன போக்கில் விட்டுவிடவில்லை. பயணிகளை ஏற்றும் துடுப்புக் கப்பல்களுக்கு ஆட்சிமன்றம் உரிமம் வழங்கியது. பயணிக்கும் கப்பல் தலைவனுக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் பதிந்து வைத்தது. 'தொலோமாரி' எனப்பட்ட உரிமம் பெற்ற வழிகாட்டிகளைச் சதுக்கத்திலும் ரியால்தோ சந்தையிலும் நிறுத்தியது. புதிதாக வருபவருக்குத் தங்குமிடம் காட்டுவதும், நாணயம் மாற்றித் தருவதும், கப்பல் தலைவனிடம் அழைத்துச் செல்வதும், அவர் ஏமாறாமல் பார்த்துக்கொள்வதும் இவர்களின் கடமை. இன்று ஒரு நாடு சுற்றுலாத் துறை என ஒன்றை வைத்து நடத்தும் பணிகளில் பெரும்பகுதியை வெனிஸ் இடைக்காலத்திலேயே செய்துவிட்டது.

செருமனியின் உல்ம் நகரைச் சேர்ந்த டொமினிக்கன் சபைத் துறவி பெலிக்ஸ் பாப்ரி 1483இல் இங்கு வந்தபோது, பேராலயத்தின் முன்னே வெண்ணிறத் துணியில் செஞ்சிலுவை தீட்டிய இரண்டு கொடிகள் பறந்தன. புனித நாட்டுக்குப் புறப்படவிருந்த இரு கப்பல்களின் விளம்பரங்கள் அவை. கொடியின் கீழ் நின்ற ஏவலர்கள், வரும் பயணிகளைத் தத்தம் கப்பலுக்கு இழுக்கப் போட்டியிட்டனர். 1494இல் வந்த மிலான் நகரத்துக் குரு பியெத்ரோ கசோலா, கிறிஸ்துவின் திருவுடல் விழா ஊர்வலத்தில் வெனிஸ் பிரபுக்கள் ஆளுக்கொரு திருப்பயணியைத் தம் பக்கத்தில் நடத்திச் சென்ற வழக்கத்தைக் குறித்து வைத்தார். இந்த வழக்கம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆளும் குடியினர் தம்முடைய தலையாய விழாவில் முன்பின் அறியாத அயலாருக்குத் தமக்கு இணையான இடத்தைக் கொடுத்தனர். அந்த அயலாரோ கப்பல் புறப்படும்வரை வாரக்கணக்கில் நகரிலேயே தங்கி, ஆலயங்களை வணங்கி, கடைகளில் பாயும் பாத்திரமும் வாங்கி, அந்நகர வாழ்வை உள்ளிருந்து அறிந்தனர். வந்தவரும் வரவேற்றவரும் ஒரே ஊர்வலத்தில் நடந்த அத்தகைய உறவு சான் மார்கோவில் பிறகு எக்காலத்திலும் முழுமையாக அமையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஊர்வலங்கள் எத்தகையவை என்பதை ஜென்த்தீலே பெல்லீனி 1496இல் தீட்டிய பெரிய ஓவியம் காட்டுகிறது. அதில் சதுக்கத்தின் தரை செங்கல்லால் ஆனது. 13ஆம் நூற்றாண்டில் பாவிய தரை அது. இன்று மக்கள் நடக்கும் தரை 1723 முதல் கட்டட வல்லுநர் அந்திரேயா திராலியின் திட்டப்படி, அருகிலுள்ள யூகனேய மலைகளில் வெட்டியெடுத்த டிராக்கைட் என்னும் சாம்பல்நிற எரிமலைப் பாறையால் பாவப்பட்டது. அதன் மேல் ஓடும் வெண்கோடுகள் எதிர்க்கரையிலுள்ள இஸ்திரியாவின் கல்லால் ஆனவை. சதுக்கத்தில் பெரும் சந்தையும் கூடியது. கிறிஸ்துவின் விண்ணேற்றப் பெருவிழாவையொட்டி நடந்த 'சென்சா' சந்தையில் கண்ணாடிப் பொருள், பட்டு, நறுமணப் பொருள், நகை, ஓவியம் யாவும் விற்பனைக்கு வந்தன. அவ்விழா நாளில் டோஜ் பொற்படகில் சென்று கடலில் மோதிரம் எறிந்து கடலை மணக்கும் சடங்கும் நடந்ததால், சந்தைக்காக வருவோரும் சடங்கைக் காண வருவோரும் ஒருங்கே கூடினர். 1779ஆம் ஆண்டுச் சந்தையில், அப்போது இருபத்தோரு வயதே ஆகியிருந்த சிற்பி அந்தோனியோ கனோவா தம் ஆக்கத்தைக் காட்சிக்கு வைத்துப் புகழ் பெற்றார் என்பதிலிருந்து அதன் தரத்தை உணரலாம்.

சதுக்கத்தின் இன்றைய தோற்றத்துக்கு வேறெவரையும் விட ஒருவர் காரணமானார். சதுக்கத்தையும் பேராலயத்தையும் பராமரிக்கும் பொறுப்பு 'புரோக்குரேட்டர்' எனப்பட்ட உயர் அதிகாரிகளிடம் இருந்தது. டோஜ் பதவிக்கு அடுத்த மதிப்புடைய இப்பதவியில் அமர்ந்தவர்கள் சதுக்கத்தைச் சுற்றிய தாழ்வாரக் கட்டடங்களில் குடியிருந்தனர். 1529இல் அவர்கள் ஜாக்கோப்போ சான்சோவீனோ என்னும் சிற்பியைத் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தபோது, கடலை நோக்கிய சிறுவெளியில் தூண்களுக்கிடையே இறைச்சிக் கடைகளும் மலங்கழிக்கும் மறைவிடங்களும் மண்டிக் கிடந்தன. உயர்ந்த விருந்தினர் கரையிறங்கும் இடம் இவ்வாறு இருப்பது நகருக்கே இழுக்கு என்று கருதிய அவர் முதல் வேலையாக அவற்றை அகற்றினார். பின்னர் டோஜ் அந்திரேயா கிரித்தியின் ஆதரவோடு நாணயச் சாலையையும், 1537 முதல் அரண்மனைக்கு எதிரே நூலகத்தையும், மணிக்கோபுரத்தின் அடியில் 'லொஜ்ஜெத்தா' என்னும் சிறு மண்டபத்தையும் எழுப்பினார். 1545இல் நூலகத்தின் வளைகூரை ஒன்று இடிந்து விழ, சான்சோவீனோ சிறையிலிடப்பட்டு, நண்பர்களின் முயற்சியால் விடுதலையாகி, இடிந்ததைத் தம் பொறுப்பில் கட்டித் தந்தார். அவர் செய்த தூய்மைப்பணியில் இழப்பும் உண்டு. அன்றாட உணவுக்காக வெனிஸ் மக்கள் சதுக்கத்துக்கு வந்த காரணங்களில் சில அப்போதே நீங்கின.

சான்சோவீனோ புதுப்பித்த நாணயச் சாலையின் வழியே இச்சதுக்கத்துக்குத் தென்னிந்தியாவோடும் தொடர்பு உண்டு. 1284 முதல் வெனிஸ் அச்சிட்ட 'டுகாட்' என்னும் பொற்காசு, குடியரசு மறையும்வரை எடையும் தூய்மையும் குறையாமல் வெளிவந்ததால், மிளகுக்கும் பிற நறுமணப் பொருள்களுக்கும் விலையாக அலெக்சாந்திரியா, செங்கடல் வழியே மலபார்க் கரைக்கும் தமிழகக் கரைக்கும் வந்து சேர்ந்தது, காசுமாலைகளில் கோக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில், புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடியைப் பெறும் டோஜின் உருவம் உண்டு. அவ்வாறே வெனிசிலிருந்து இங்கு வந்தோரும் உளர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளித்துறையையும் விவரித்தார். 15ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ தெ கோன்தி விசயநகரத்தைக் கண்டு மயிலாப்பூரைக் குறிப்பிட்டார். சான் மார்கோவின் பளிங்குக்கும் பொன்னுக்கும் இக்கிழக்கத்திய வணிகத்தின் இலாபமும் உதவியது.

சமயக் கடனுக்காக அன்றி, காண்பதற்காகவே பயணம் செய்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் பெருகினர். அவர்களுள் இங்கிலாந்தின் தாமஸ் கோரியட் 1608இல் ஏறத்தாழ ஆறு வாரம் வெனிசில் தங்கினார். பல மொழிகள் ஒலிக்க, பல நாட்டு உடைகள் அசையும் இச்சதுக்கத்தைவிட வியப்பான இடத்தை அவர் கண்டதில்லை. மரமேடைகளில் ஏறிப் பாட்டும் பகடியுமாகத் தைலமும் மருந்தும் விற்ற மேடை வணிகர்களை அவர் எழுதிய விரிவு, அக்காலச் சதுக்கத்தைப் பற்றிய தலைசிறந்த சான்றுகளில் ஒன்று. அவர் பின்னர் தரைவழியே நடந்து இந்தியா வந்து, அஜ்மீரில் ஜகாங்கீரின் அவையைக் கண்டு, 1617இல் சூரத்தில் இறந்தார். கோரியட் சென்ற மறு ஆண்டு, 1609 ஆகஸ்டு 21 அன்று, கலிலேயோ வெனிஸ் செனட்டர்களை மணிக்கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துச் சென்று, தாம் செய்த தொலைநோக்கியால் வெறுங்கண்ணுக்கு எட்டாத கப்பல்களைக் காட்டினார். தவக்காலத்துக்கு முந்திய கார்னிவல் நாட்களில் முகமூடியணிந்தோர் கூட்டமும், ஒருவர்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் அமைக்கும் ஆட்டமும், மணிக்கோபுரத்திலிருந்து கட்டிய கயிற்றில் இறங்கும் கழைக்கூத்தும் நடந்தன. 1720இல் தாழ்வாரத்தில் 'புளோரியன்' காப்பிக் கடை திறந்தது. அது இன்றும் நடைபெறுகிறது.

1797 மே 12 அன்று நெப்போலியனின் படைக்கு அஞ்சிக் குடியரசின் பெருமன்றம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அடுத்த மாதம் சதுக்கத்தின் நடுவே விடுதலை மரம் நடப்பட்டு, டோஜின் சின்னங்களும் உயர்குடியினரின் பெயரேடான 'பொன்னேடும்' எரிக்கப்பட்டன. 1204இல் வெனிசியர் கான்ஸ்தாந்திநோபிளைச் சூறையாடிக் கொணர்ந்து பேராலய முகப்பில் நிறுத்தியிருந்த நான்கு செப்புக் குதிரைகள் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1815இல் திரும்பின. இப்போது முகப்பில் இருப்பவை நகல்களே. மூலங்கள் உள்ளே அருங்காட்சியகத்தில் உள்ளன. ஸியானி மேற்கே தள்ளிய ஜெமினியானோ ஆலயம் 1807இல் இடிக்கப்பட்டு, நெப்போலியன் ஆட்சியின் அரண்மனைப் பகுதி ஒன்றுக்கு இடம் தந்தது. சதுக்கத்துக்குத் தலைமை தாங்கிய அரசு இல்லாமற்போனதுதான் இக்காலத்தின் பேரிழப்பு. சடங்கு நின்றது, கட்டடம் மிஞ்சியது. ஆயினும் உள்ளூர் மக்கள் உடனே விலகிவிடவில்லை. பின்னர் வந்த ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1848 மார்ச்சில் மீட்கப்பட்ட தலைவர் தானியேலே மானின் இச்சதுக்கத்துக்கே தோளில் சுமந்து வரப்பட்டார். மார்ச்சு 22 அன்று இங்கேதான் குடியரசு மீண்டும் அறிவிக்கப்பட்டது. 1849 ஆகஸ்டில் அது வீழ்ந்த பின்னரும், ஆஸ்திரியப் படையின் இசைக்குழு சதுக்கத்தில் வாசிக்கத் தொடங்கினால் வெனிஸ் மக்கள் அங்கு நிற்பதில்லை என்று, 1860களில் அங்கு அமெரிக்கத் துணைத்தூதராக (கன்சல்) இருந்த வில்லியம் டீன் ஹாவெல்ஸ் பதிவு செய்தார். சதுக்கத்தைப் புறக்கணிப்பதும் அதன்மேல் உரிமை கொண்டாடும் ஒரு வழியாகவே இருந்தது.

1846இல் காயலின் குறுக்கே இரயில் பாலம் வந்ததும், 1864 முதல் தாமஸ் குக் இத்தாலிக்குக் கூட்டுப் பயணங்களை நடத்தியதும் வருகையாளரின் தொகையையும் தன்மையையும் மாற்றின. அவர்களால் தீமை மட்டுமே விளைந்தது என்று கூறுவது நியாயமாகாது. பேராலயத்தின் பழஞ்சுவர்களைப் புதுக்கல்லால் மூடிக் கெடுத்த புதுப்பிப்புப் பணியை உள்ளூர்ப் பிரபு அல்வீசே பியெரோ ஸோர்ஸி 1877இல் நூலெழுதிக் கண்டித்தபோது அதற்கு முகவுரை தந்தவர், வெனிசின் கற்களைப் பற்றி முன்பே மூன்று தொகுதிகள் எழுதிய ஆங்கிலேயர் ஜான் ரஸ்கின். 1879இல் வில்லியம் மோரிஸ் இங்கிலாந்தில் எழுப்பிய எதிர்ப்பும் சேர்ந்து, மேற்கு முகப்பு அக்கேட்டிலிருந்து தப்பியது. 1902 சூலை 14 அன்று காலை மணிக்கோபுரம் சரிந்து செங்கற்குவியலானது. விரிசல்களை முன்பே கண்டு மக்களை விலக்கியிருந்ததால் ஒருவரும் உயிரிழக்கவில்லை. அன்று மாலையே நகரமன்றம் கூடி, அது இருந்த இடத்தில் இருந்தபடியே மீண்டும் கட்டுவது என முடிவு செய்தது. 1912 ஏப்ரல் 25, புனித மாற்குவின் திருநாளில், ஏறத்தாழ 98 மீட்டர் உயரமுள்ள புதிய கோபுரம் திறக்கப்பட்டது. இன்றைய பயணி ஏறிப் பார்ப்பது அதில்தான்; கலிலேயோ ஏறிய கோபுரம் அதுவன்று.

நகரின் மிகத் தாழ்வான பகுதிகளில் ஒன்று என்பதால், கடல் பொங்கும்போது சான் மார்கோவில்தான் முதலில் நீர் ஏறும்; அதுவும் கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே தரைக்கடியிலுள்ள வடிகால்கள் வழியே மேலே ஊறும். 1966 நவம்பர் 4 அன்று நீர்மட்டம் அளவுகோலில் 194 சென்டிமீட்டரையும், 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டரையும் எட்டியது. காயலின் மூன்று வாய்களிலும் 78 நகரும் கதவுகளைக் கொண்ட 'மோசே' தடுப்பு 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான ஓதத்தைத் தடுத்து நிறுத்தியது. ஆயினும் அக்கதவுகள் பொதுவாக 110 சென்டிமீட்டர் அளவு எதிர்பார்க்கப்படும்போதே எழுப்பப்படுகின்றன. சதுக்கத்தின் தாழ்ந்த பகுதிகளுக்கோ அதைவிடக் குறைந்த ஓதமே போதும். எனவே பேராலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்புகள் அமைக்கப்பட்டன.

நீரைத் தடுக்கக் கதவு உண்டு. மக்கள் வெளியேறுவதைத் தடுக்க இதுவரை எதுவும் அமையவில்லை. தீவு நகரில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. 2008இல் சதுக்கத்தில் புறாத்தீனி விற்பது நிறுத்தப்பட்டது. 2021இல் பெருங்கப்பல்கள் சான் மார்கோ நீர்ப்பரப்பைக் கடப்பது தடைசெய்யப்பட்டது. 2024இல், ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நெரிசல் நாட்களில் பகற்பொழுதுக்கு மட்டும் வந்தோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறப்பட்டது. இவை பயனுடையனவே, ஆனால் கூட்டத்தை அளப்பது வேறு, குடியிருப்போரைத் திரும்பக் கொண்டுவருவது வேறு. தொலோமாரிகளை நியமித்த பழைய குடியரசு, வருபவர் வாரக்கணக்கில் தங்கி நகரோடு கலந்து வாழ்வதை எதிர்பார்த்துத் தன் விதிகளை வகுத்தது. இன்று பெரும்பாலோர் சில மணி நேரத்தில் படம் எடுத்துத் திரும்பிவிடுகின்றனர்.

தமிழ்நாட்டிலிருந்தும் அயலகத் தமிழரிடமிருந்தும் ஐரோப்பியக் குழுப்பயணங்களில் வெனிஸ் செல்வோருக்கு அந்நகரில் ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அரைநாளே. இயன்றவர்கள் குழுவின் அட்டவணையை விட்டு விலகி, பெருநிலத்தில் அன்றித் தீவிலேயே இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். கூட்டம் வருமுன் காலையில் சதுக்கத்தை ஒருமுறை முழுதும் நடந்து, இரு தூண்களுக்கிடையே கடலை நோக்கி நின்று, பின் திரும்பிப் பேராலயத்தைப் பார்க்க வேண்டும். கப்பலிலிருந்து இறங்கியவரின் கண்ணுக்காகக் கட்டப்பட்ட சதுக்கம் அந்த இடத்திலிருந்தே தன் முழு ஒழுங்கையும் காட்டுகிறது. உணவும் பொருளும் வாங்கும்போது அங்கே குடியிருந்து தொழில் செய்வோரிடம் வாங்குவது, எஞ்சிய வெனிஸ் மக்களுக்கு ஒரு பயணி செய்யக்கூடிய நேரடி உதவியாகும்.